தொலைபேசிக்கு ஏன் பத்தாண்டு காத்திருந்தார்கள்?

“1980-களில் வீட்டுக்குத் தொலைபேசி வாங்குவது எப்படி?” என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். விண்ணப்பம் கொடுத்து, முன்பணம் கட்டி, வரிசையில் காத்திருந்த கதையைச் சொல்வார்கள். பெரிய நகரங்களில் பத்து ஆண்டுகள்கூடக் காத்திருக்க நேர்ந்தது. 58 வயதில் ஓய்வு பெற்ற ஒருவர், வெளியூரிலுள்ள மகனோடு பேச வேண்டுமென்று விண்ணப்பித்தால், 68 வயதில்தான் அவர் வீட்டில் மணி ஒலிக்கும்! 1994-இல் வெளிவந்த தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையின்படி, அப்போது நாட்டில் இருந்த இணைப்புகள் ஏறத்தாழ 80 இலட்சம். காத்திருந்தவர்களோ ஏறத்தாழ 25 இலட்சம் பேர்.

பக்கத்து வீட்டில் தொலைபேசி இருந்தால், அந்தக் கம்பியிலிருந்தே ஒரு கிளை இழுத்துக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். மின்விளக்குக்கு அப்படித்தானே செய்கிறோம்? மின்சாரம் எல்லா வீட்டுக்கும் ஒன்றே, பேச்சு அப்படியன்று. ஒரே கம்பியில் இரு வீடுகளை இணைத்தால், ஒரு வீட்டுப் பேச்சு மற்ற வீட்டிலும் கேட்கும். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் பேசவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும், எக்ஸ்சேஞ்ச் எனப்படும் தொலைபேசி நிலையத்திலிருந்து தனியாக ஒரு சோடிச் செப்புக் கம்பி வர வேண்டும்.

நூற்றுக்கணக்கான சோடிகள் அடங்கிய தடித்த கேபிள் நிலையத்திலிருந்து தரைக்கடியில் புறப்படும். தெருமுனை இரும்புப் பெட்டியில் அது பிரிந்து, கம்பங்களின் வழியாக வீடுகளை அடையும். கேபிளில் சோடி மிச்சமில்லையெனில் சாலையைத் தோண்டிப் புதிய கேபிள் பதிக்க வேண்டும். சோடி இருந்தாலும், நிலையத்தில் காலியான எண் இல்லையெனில் நிலையத்தையே விரிவாக்க வேண்டும். தொலைபேசியை ஆடம்பரப் பொருளாகக் கருதிய காலத்தில் இவற்றுக்குப் போதிய பணம் ஒதுக்கப்படவில்லை.

தொலைவும் ஒரு தடையே. நீங்களே கணக்கிடுங்கள். 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்புக் கம்பியில், ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குப் போகவும் வரவுமாகச் சேர்ந்த மின்தடை ஏறத்தாழ 175 ஓம். வீடு 5 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் 875 ஓம். நிலையத்திலும் கருவியிலும் உள்ள தடை 625 ஓம் என்று கொண்டால், மொத்தம் 1500 ஓம். நிலையத்து மின்கல அடுக்கின் அழுத்தம் 48 வோல்ட். ஓம் விதிப்படி மின்னோட்டம் 32 மில்லி ஆம்பியர். பழைய கருவிகளில் பேச்சு தெளிவாகக் கேட்க ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர் தேவை. வீடு 12 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் மின்னோட்டம் 18-க்கும் கீழே போய்விடும். கம்பியின் விட்டத்தை இரு மடங்காக்கினால் தடை நான்கில் ஒன்றாகும். ஆனால் நான்கு மடங்கு செம்பு வேண்டும்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை. அதனால் நிலையத்துக்குள் உள்ள இணைப்புப் பாதைகளைப் பலரும் மாறிமாறிப் பயன்படுத்தலாம். 1891-இல் காப்புரிமை பெற்ற ஸ்ட்ரோஜரின் தானியங்கி முறை முதல் பிற்கால மின்னணு நிலையங்கள் வரை இதே உத்திதான். ஆனால் வீட்டுக்குச் செல்லும் சோடியை அப்படிப் பகிர இயலாது. நாள் முழுதும் சும்மா கிடந்தாலும் அது ஒரு வீட்டுக்கே சொந்தம்.

இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று தொடங்கிய செல்பேசிச் சேவை இந்தக் கட்டை அவிழ்த்தது. இங்கே வீட்டுக்குத் தனிக் கம்பி இல்லை. பேசும் நேரத்துக்கு மட்டும் வானலைத் தடத்தில் ஓர் இடம் கிடைக்கும். பேசி முடித்ததும் அது மற்றவருக்குப் போய்விடும். சாலையைத் தோண்டும் வேலையும் வீட்டுக்கு வீடு இல்லை.

ஆனால் செப்புக் கம்பி ஓர் உதவியும் செய்துவந்தது. தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் நிலையத்திலிருந்தே அதில் வந்ததால், வீட்டில் மின்வெட்டு ஏற்பட்டாலும் சாதாரணத் தொலைபேசி வேலை செய்தது. இப்போது பல வீடுகளுக்கு ஒளியிழை வருகிறது. கண்ணாடி ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே வீட்டிலுள்ள சிறு பெட்டிக்கு மின்சாரம் நின்றால் தொலைபேசியும் நின்றுவிடும்.

தனியாக வாழும் தாத்தாவோ பாட்டியோ உங்களுக்கு இருந்தால், அடுத்த முறை செல்லும்போது அவர்கள் வீட்டுத் தொலைபேசிக்கு வருவது செம்பா, ஒளியிழையா என்று பாருங்கள். ஒளியிழையானால், அந்தப் பெட்டிக்கு ஒரு மின்கலத் துணை வைக்கச் சொல்லுங்கள். இரவில் உடம்புக்கு முடியாமற்போகும் வேளையில், மின்வெட்டும் சேர்ந்து வரக்கூடும் அல்லவா?