ஒரே பெயர், வேறு கோப்பு

வாப்பாவின் கடைக் கணக்கெல்லாம் இருப்பது எங்கள் வீட்டின் ஒரேயொரு மடிக்கணினியில். என் உயர்தரச் செயற்றிட்டமும் அதில்தான். சென்ற தவணையில் தோழி ஒருத்தி பென்ட்ரைவில் 'லிப்ரே ஒபிஸ்' மென்பொருளைத் தந்தாள். கோப்பின் பெயர் சரி, பதிப்பு எண்ணும் சரி. நிறுவப்போனேன்.

"பெயரை யாரும் மாத்தலாம். ஹாஷைப் பார்த்தியா?" என்றார் நானா.

கணினிக்குக் கோப்பு என்பது பூச்சியங்களும் ஒன்றுகளும் கொண்ட நீண்ட வரிசை. ஹாஷ் அந்த வரிசை முழுவதையும் கலக்கிப் பிசைந்து, குறித்த நீளமுள்ள ஓர் எண்ணாகத் தருகிறது. ஷா-256 என்ற முறையில் அது 64 இலக்கங்கள்: 0 முதல் 9 வரையான எண்களும் ஆறு ஆங்கில எழுத்துகளும் கலந்தவை. ஒரு வரிக் கடிதமானாலும் பெரிய மென்பொருளானாலும் 64 தான். உள்ளே ஒரேயொரு பிற் மாறினாலும் எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். கோப்பின் பெயரை மாற்றினாலோ எண் அசையாது. பெயர் கணக்கில் சேர்வதே இல்லை. எண்ணிலிருந்து கோப்பை மீட்கவும் முடியாது. இடித்த சம்பலிலிருந்து தேங்காயை எடுக்க முடியுமா?

அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவகம், அறியப்பட்ட மென்பொருள் கோப்புகளின் ஹாஷ்களைப் பெரும் பட்டியலாகத் தொகுத்து வைத்திருக்கிறது. கைப்பற்றிய கணினியை ஆராய்பவர்கள், பட்டியலில் உள்ள கோப்புகளை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் பார்க்கலாம்.

ஆனால் ஒப்பிடும் எண் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். 2016 பெப்ரவரியில் 'லினக்ஸ் மின்ற்' இணையத்தளத்துக்குள் நுழைந்தவர்கள், தரவிறக்க இணைப்பைக் கெடுதல் சேர்த்த பிரதிக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்துக்குள் புகுந்தவனுக்கு அங்கே எழுதியிருக்கும் எண்ணை மாற்றவா தெரியாது? அதனால்தான் மென்பொருள் செய்பவர்கள் எண்ணுக்கு இலத்திரனியல் கையொப்பமும் இடுகிறார்கள். முறையும் பழசாகக் கூடாது. ஷா-1 முறையில் ஒரே ஹாஷ் வரும் இரு வேறு கோப்புகளை 2017இல் கூகிளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களும் செய்தே காட்டினார்கள்.

ஹாஷ் கணக்கிடும் கட்டளை விண்டோஸிலேயே உண்டு. உத்தியோகபூர்வ தளத்திலிருந்த எண்ணை நானா நான்கு நான்காக வாசித்தார்; நான் திரையைப் பார்த்தேன். முதல் நான்கிலேயே பிழைத்தது. வைரஸா, பாதியில் நின்ற பிரதியா? அதை ஹாஷ் சொல்லாது. 'இது அதுவல்ல' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். அழித்துவிட்டு, இரவு டேட்டாவில் புதிதாக இறக்கினோம். இம்முறை 64உம் பொருந்தின.

மறுநாள் தோழியிடம் சொன்னேன். அவள் முகம் வாடியது. போன மாதமே அதை நிறுவிவிட்டாளாம்.