எடையும் ஒரு கடனே!

2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளிஃப்டன் நகருக்கு அருகே, சிலர் கடல்மேல் வானத்தையே நோக்கி நின்றிருந்தனர். அவர்கள் எதிர்பார்த்தது பயணிகள் விமானத்தை அன்று. ஆறடி அகல இறக்கை கொண்ட, பால்சா மரத்தாலும் கண்ணாடியிழையாலும் கையால் செய்யப்பட்ட ஒரு மாதிரி விமானத்தை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து புறப்பட்ட அது, ஏறத்தாழ 3,030 கிலோமீட்டர் தொலைவை 38 மணி 52 நிமிடங்களில் கடந்து அங்கே தரையிறங்கியது. அட்லாண்டிக் பெருங்கடலை ஒரு மாதிரி விமானம் கடந்தது அதுவே முதன்முறை.

அதனை வடிவமைத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த மேனார்ட் ஹில். அப்போது அவருக்கு வயது 77. கண்பார்வை பெரிதும் மங்கியிருந்தது, செவித்திறனும் குறைந்திருந்தது. ‘டாம் 5’ என்னும் பெயரே கூறுவதுபோல, அது அவ்வரிசையில் ஐந்தாவது விமானம். முந்தைய முயற்சிகள் தோல்வியில் முடிந்திருந்தன. இன்னுமொரு முறை முயல அவருக்கு உடல்நிலையும் காலமும் இடங்கொடுக்குமா என்பது உறுதியில்லாத நிலையில்தான் ‘டாம் 5’ கடலை நோக்கிப் புறப்பட்டது.

வானொலிக் கட்டுப்பாட்டில் பறக்கும் சிறு விமானங்களைக் கடையில் ஆயத்த நிலையில் வாங்கலாம். பாகங்களாக வாங்கிப் பொருத்தவும் செய்யலாம். மூன்றாவது வழி ஒன்று உண்டு. வெற்றுத்தாளில் வரைபடம் தொடங்கி, இறக்கையின் அளவைத் தாமே கணித்து, மரத்தையோ நுரைப் பலகையையோ தாமே அறுத்து ஒட்டி, தமது விமானத்தைத் தாமே உருவாக்குவது. பல மாத உழைப்பு முதல் பறப்பின் சில நொடிகளில் நொறுங்கிப்போகலாம் என்பதை அறிந்தே இவர்கள் இதில் இறங்குகின்றனர். அந்த இழப்பைத் தவிர்க்க அவர்கள் கையாளும் முதன்மையான கருவி எது? கணக்கேடுகளோடு பழகிய நமக்கு அது வியப்பளிக்காது: எடைக் கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 120 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் கொண்ட இறக்கையின் பரப்பு 24 சதுர டெசிமீட்டர். விமானத்தின் மொத்த எடை 960 கிராம் எனில், ஒவ்வொரு சதுர டெசிமீட்டரும் 40 கிராமைத் தாங்குகிறது. புதிதாகக் கற்பவருக்கு ஏற்ற அளவு இது. கூடுதல் பசை, தடித்த பலகை, பெரிய மின்கலம் என்று எடை 20 விழுக்காடு ஏறிவிட்டதாகக் கொள்வோம். விமானம் வானில் நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் எடையின் வர்க்கமூல அளவில் உயர்வதால், தரையிறங்கும் வேகம் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. எடையும் வேகமும் சேர்ந்தே உயர்வதால், தரையில் மோதினால் வெளிப்படும் ஆற்றலோ 44 விழுக்காடு பெருகுகிறது! கூட்டுவட்டியின் இயல்பை அறிந்தோர்க்கு இக்கணக்கு புதிதன்று.

எடை எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம். பொதுவாக விமானத்தின் ஈர்ப்பு மையம், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையுள்ள இடத்தில் அமைய வேண்டும். வால் அம்மையத்திலிருந்து 60 செ.மீ. பின்னாலும், மூக்கு 20 செ.மீ. முன்னாலும் இருப்பதாகக் கொள்வோம். வாலில் கவனக்குறைவாகச் சேர்ந்த 10 கிராமை ஈடுகட்ட மூக்கில் 30 கிராம் வைத்தாக வேண்டும். பத்துக்கு வாங்கிய கடன் நாற்பதாகிவிடுகிறது. ஆகவேதான் தேர்ந்த கலைஞர்கள் ஒவ்வொரு துண்டையும் ஒட்டுவதற்கு முன்பே நிறுத்துக் குறித்துக்கொள்கின்றனர்.

மேனார்ட் ஹில்லின் சாதனையும் இக்கணக்கின் மேல் எழுந்ததே. உலக சாதனைக்கான விதிப்படி மாதிரி விமானம் 5 கிலோவைத் தாண்டக்கூடாது. அதற்குள் இயந்திரம், வழிகாட்டும் மின்னணுக் கருவிகள், ஒன்றரை நாளைக்கான எரிபொருள் அனைத்தும் அடங்க வேண்டும். வெற்று விமானத்தின் எடையை மூன்று கிலோவுக்கும் கீழே நிறுத்தி, இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட எரிபொருளுக்கு அவர் இடமளித்தார். புறப்படும்போதும் இறங்கும்போதும் மனிதர் கையில் கட்டுப்பாடு. நடுக்கடலில் செயற்கைக்கோள் வழிகாட்டலுடன் கூடிய தானியங்கிக் கருவி. தரையிறங்கியபோது எரிபொருள் ஏறக்குறைய தீர்ந்திருந்தது. சேமித்த சில கிராம்களே கரை சேர்த்தன எனலாம்.

நம் நாட்டிலும் இக்கலை வேரூன்றியுள்ளது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானக் கலை பயிற்சியின் ஓர் அங்கம். முற்காலத்தில் ஒரே அலைவரிசையில் இருவர் கருவியை இயக்கினால் விமானம் கட்டுப்பாடிழந்து விழும், இன்றைய 2.4 கிகாஹெர்ட்சு கருவிகள் அந்த இடரை வெகுவாகக் குறைத்துவிட்டன.

ஆர்வலர்கள் விதிகளையும் அறிந்திருத்தல் நன்று. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு போன்றவற்றுக்காகக் கண்ணுக்கெட்டும் தொலைவுக்குள் பறக்கவிடப்படும், 25 கிலோவுக்கு மேற்படாத விமானங்களை ‘மாதிரி’ என வகைப்படுத்துகின்றன. வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம்வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலையங்களை அண்டிய பகுதிகளில் கட்டுப்பாடு மிகுதி. புறப்படுமுன் மண்டல வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது கடமை. லித்தியம் பாலிமர் மின்கலங்களைக் கவனிப்பாரின்றி மின்னேற்றம் செய்யலாகாது. முதல் பறப்புக்கு முன் ஒவ்வொரு கட்டுப்பாடும் சரியான திசையில் அசைகிறதா எனச் சோதிப்பதும் இன்றியமையாதது. இடமும் வலமும் மாறிப்போய் விழுந்த விமானங்கள் ஏராளம்.

விழுந்தாலும் கற்றது வீணாவதில்லை. உடைந்த இடம் எது, எடை எங்கே மிகுந்தது என்று குறித்துவைத்தால், அடுத்த விமானம் அக்குறிப்பிலிருந்தே தொடங்கும். ‘டாம் 5’ அப்படிப் பிறந்ததுதான்.

உங்கள் இல்லத்தில் மகனோ மகளோ விமானம் செய்யப் போவதாகக் கூறினால் தடுக்காதீர்கள். மோட்டாரும் மின்கலமும் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். முதலில் ஒரு கிராம்வரை துல்லியமாகக் காட்டும் சிறிய தராசு ஒன்றையும், ஒரு குறிப்பேட்டையும் வாங்கிக் கொடுங்கள்.