புறநகர் வீடுகள் ஏன் ஒரே மாதிரி இருக்கு?

ஓஎம்ஆர், ஜிஎஸ்டி சாலை பக்கம் வீடு பார்க்கப் போனால் மூன்றாவது சைட்டிலேயே எது எதுன்னு குழம்பிவிடும். அதே நுழைவாயில், அதே பால்கனி, அதே 2 பிஎச்கே.

ஏன் இப்படி?

ஒரே பிளானைத் திரும்பத் திரும்பக் கட்டினால் செலவும் நேரமும் மிச்சம். பெரிய அடுக்குமாடித் திட்டங்கள் பலவற்றில் அலுமினிய அச்சுகளைப் பொருத்தி, சுவரையும் தளத்தையும் ஒன்றாகவே கான்கிரீட்டில் வார்க்கிறார்கள். அதே அச்சு அடுத்தடுத்த மாடிகளுக்கும் உதவும். பிளான் மாறினால் அந்த லாபம் போச்சு.

வாங்குபவருக்கு என்ன சிக்கல்?

அந்தச் சுவர்கள்தான் கட்டடத்தின் எடையைத் தாங்குகின்றன. நாளைக்கு அப்பா, அம்மா கூட வந்து தங்கினாலும், இஷ்டத்துக்குச் சுவரை இடித்து அறையை மாற்ற முடியாது. 20 வருஷம் இஎம்ஐ கட்டும் வீட்டில் இது சின்ன விஷயமா?

மாற்று இருக்கா?

இருக்கு. நவி மும்பையின் பேலாப்பூரில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா 1980-களில் வடிவமைத்த குடியிருப்பில், முற்றத்தைச் சுற்றி ஏழேழு வீடுகள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் கிடையாது. எனவே அவரவர் தேவைக்கேற்ப வீட்டை வளர்க்கலாம். இந்தூரின் ஆரண்யாவில் பி.வி.தோஷி மனை, கழிப்பறை, தண்ணீர் வசதி என அடிப்படையைத் தந்து, மீதியைக் குடும்பங்களிடமே விட்டார். அதற்கு 1995-ல் ஆகா கான் விருது கிடைத்தது.

இரண்டையும் செயல்படுத்தியவை அரசு அமைப்புகள். தனியார் பில்டர்களும் மாற வேண்டுமென்றால், வாங்குபவர்கள் கேட்க வேண்டும். புக்கிங்குக்கு முன் கேளுங்க: எந்தச் சுவரை எடுக்கலாம்? பின்னாளில் என்ன மாற்றலாம்? பதிலை எழுத்தில் வாங்குங்க.