உதிரி எங்கே கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் களையெடுக்கப் பவர் வீடர் வாங்குவோர், குதிரைத்திறனையும் மானியத்தையும் விசாரிக்கிறார்கள். உதிரி எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. மழை பெய்து, மண்ணில் ஈரம் நிற்கும் சில நாள்தான் அந்த வேலைக்கு வாய்க்கும். அப்போது ஒரு பேரிங் உடைந்து, அது வெளியூரிலிருந்து கூரியரில் வர வேண்டியிருந்தால், விலை குறைந்த வண்டியாலேயே அந்தப் பருவம் கைவிட்டுப் போகும். அதனால், வட்டாரத்துப் பட்டறையில் பிரித்து மாட்ட முடிகிற கருவிதான் உண்மையில் மலிவான கருவி என்கிறேன்.

இதற்கு ஆதாரம் பேரிங்கின் மேலேயே பொறித்திருக்கிறது. 6205 என்றால் உள் விட்டம் 25 மில்லிமீட்டர், வெளி விட்டம் 52, அகலம் 15. எந்த நிறுவனம் செய்தாலும் இந்த அளவு மாறாது. ஆயில் சீலுக்கும் வி-பெல்ட்டுக்கும் இப்படிப் பொது அளவுகள் உண்டு. ஆகவே பணம் கட்டும் முன் உதிரிப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் எவையெல்லாம் பொது அளவில் இருக்கின்றன என்று பழகிய மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அந்த நிறுவனத்திடம் மட்டுமே கிடைக்கும் கியர், மின்னணுப் பலகை போன்றவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

வெளிக்கடைச் சாமானில் போலி வரும் என்பது நியாயமான அச்சம். பில் தராத கடையைத் தவிர்ப்பதே அதற்குக் காப்பு. வீடரின் கத்தி, மேல்மூடி, எரிபொருள் குழாய் போன்று ஆளைக் காயப்படுத்தக்கூடியவற்றில் மாற்றுச் சாமான் வேண்டவே வேண்டாம். ‘வெளியே பிரித்தால் வாரண்டி போய்விடும்’ என்ற மிரட்டல் வேறு விஷயம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிகளை வெளிச்சந்தையில் தராத 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறையில் பழுது பார்த்தார் என்பதற்காக வாரண்டியை முழுதாக ரத்து செய்யக் கூடாது, அந்தப் பழுதுவேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீடு சென்றன. உத்தரவும் கார்களைப் பற்றியது. ஆனால் அதன் நியாயம் வீடருக்கும் பொருந்தும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளுக்கென்றே 2023-ல் பழுதுநீக்க உரிமைச் சட்டம் இயற்றியது. இங்கே 2022-ல் மத்திய நுகர்வோர் துறை அமைத்த குழுவும் விவசாயக் கருவிகளைத் தன் பட்டியலில் சேர்த்தது. தனிச் சட்டம் இன்னும் வரவில்லை, வர வேண்டும்.

அதுவரை, இருக்கிற சட்டமே போதிய அளவு உதவும். விவசாயத்துக்கு வாங்கியது வியாபாரப் பொருள், நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக வாங்கியவரும் நுகர்வோரே என்கிறது 2019-ம் ஆண்டுச் சட்டம். விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோரே என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. ஆனால் பில், வாரண்டி அட்டை, உதிரி கேட்டு அனுப்பிய கடிதம், கழற்றிய பழைய சாமான் ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும். பழைய சாமானைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.