பூட்டிய கேட்டும் பூட்டிக்கொண்ட மூட்டும்!

போன மாதம் காரைக்குடியில் என் வைத்தியசாலைக்கு ஓர் ஆச்சி வந்தார்கள். வயது 62. சர்க்கரை, கூடவே முழங்கால் வலி. "தைலம் தர்றேன் ஆச்சி. ஆனா, தினம் அரை மணி நேரம் நடக்கணும்" என்றேன். வந்ததே கோபம்!

"எங்கிட்டுப் போய் நடக்கச் சொல்றீக? விடியுமுன்ன நாய், விடிஞ்சா பைக்கு! ஒருத்தன் இடிச்சதுலதான் இந்த முட்டி இப்படி ஆச்சு. எதுத்தாப்ல பள்ளிக்கூட மைதானம் சும்மாத்தான் கிடக்கு. கேட்டைத் திறக்க மாட்டேங்கிறாக!"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் தெருவிலும் இதே கதைதானே?

அசையாத உடம்பில் வாதம் கெட்டு மூட்டு இறுகும் என்கிறது சித்த மருத்துவம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழக அரசும் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கி, 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைக்கு ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். ஆனால், தினசரி நடைக்கு வீட்டுப் பக்கத்திலேயே, வண்டி வராத சமதரை வேண்டுமே!

நம்மூர்ச் சொந்தங்கள் வாழும் சிங்கப்பூரில், பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் பல பள்ளி மைதானங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். இங்கே மட்டும் ஏன் முடியாது?

தலைமையாசிரியர்களின் பயமும் நியாயம்தான். பிள்ளைகளின் பாதுகாப்பு, குப்பை, அடிபட்டால் யார் பொறுப்பு? அதற்கும் வழி உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கூட்டாக மனு கொடுங்கள். காலை 5.30 முதல் 7 மணி வரை மட்டும் கேளுங்கள். பெயர் பதிந்து அடையாள அட்டை வாங்குங்கள். சாவிக்கும் சுத்தத்துக்கும் முறை வைத்துப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வருமுன் கேட்டைப் பூட்டிவிடுங்கள்.

அனுமதி கிடைத்ததா? 400 மீட்டர் தடத்தில் ஐந்து சுற்று வந்தால் 2 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் அரை மணி நேரம். உள்வட்டத்தை ஓடுகிறவர்களுக்கு விட்டு, வெளிவட்டத்தில் நடங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம். மரத்த காலுக்கு முள் குத்தினாலும் தெரியாது. மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். மடியில் நாலு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கள் தெரு மனுவில் ஆச்சிதான் முதல் கையெழுத்து! உங்கள் தெருவில் யார்?