இலகு காலாட்படை: பண்டைக் கிரேக்கமும் புள்ளலூர்ப் போரும்

இலகு காலாட்படை என்பது கனமான கவசமும் பெரிய கேடயமும் இன்றி, வரிசை பிடித்து நிற்காமல், சிதறி நின்று தொலைவிலிருந்து தாக்கும் படைப்பிரிவாகும். எறியீட்டி, வில், கவண் ஆகியவை இதன் பழைய ஆயுதங்கள். பண்டைக் கிரேக்கத்தில் இப்படை வளர்ந்த விதம் போர் வரலாற்றில் விரிவாக ஆராயப்பட்ட ஒன்று. ஓடிவந்து தாக்கி, எதிரி துரத்தினால் விலகி, அவன் திரும்பினால் மீண்டும் தாக்கும் இதே முறையைத் தமிழ்நாட்டிலும் காணலாம். 1780இல் கும்மிடிப்பூண்டியிலிருந்து காஞ்சிபுரம் நோக்கிப் புறப்பட்ட ஆங்கிலேயப் படையொன்று வழியிலேயே அழிந்தது அதற்கு ஒரு சான்று.

கிரேக்கத்தின் இலகு வீரர்கள்

கிரேக்க நகர அரசுகளின் முதன்மைப் படை ஹாப்லைட் எனப்பட்ட கனரகக் காலாட்படை. வெண்கலத் தலைக்கவசம், ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டக் கேடயம், நீண்ட குத்தீட்டி ஆகியவற்றுடன் இவர்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்றனர். இந்த நெருக்கமான அணியின் பெயர் ஃபேலங்ஸ். சமதரையில் நேருக்கு நேர் மோதும்போது இதை உடைப்பது கடினம். ஆயுதங்களை வீரனே சொந்தச் செலவில் வாங்க வேண்டியிருந்ததால், நிலமும் வசதியும் உள்ள குடிமக்களே ஹாப்லைட் ஆயினர்.

வசதியற்றவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு போருக்குப் போனார்கள். அவர்களுக்கு சிலோய், அதாவது வெறுமையானவர்கள், என்று பெயர். கல்லெறிவோர், கவண் வீசுவோர், வில்லாளிகள் எல்லோரும் இதில் அடக்கம். கிரேக்க வரலாற்றாசிரியர்கள் ஹாப்லைட்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்குச் சொல்வார்கள். இவர்கள் கணக்கைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இவர்களுக்கும் ஹாப்லைட்டுகளுக்கும் இடையே வந்தவர்கள் பெல்டாஸ்ட்டுகள். வடக்கே திரேஸ் நாட்டில் தோன்றிய முறை இது. பெல்டே என்ற பிறை வடிவச் சிறு கேடயத்தால் இப்பெயர் வந்தது. மிலாறால் பின்னித் தோல் போர்த்திய கேடயம் என்பதால் தூக்கிக்கொண்டு ஓடுவது எளிது. கையில் சில எறியீட்டிகள் இருக்கும். ஈட்டியின் நடுவில் தோல்வாரைச் சுற்றி, அதன் கண்ணியில் விரலை நுழைத்து எறிவார்கள். வார் அவிழும்போது ஈட்டி சுழன்றுகொண்டே நேராகப் பாயும். போகும் தூரமும் கூடும்.

லெக்கேயம், கி.மு. 390

இலகு வீரர்களிடம் கனரகப் படை தோற்கக்கூடும் என்பது கிரேக்கர்களுக்கு முதலில் தெரிந்தது லெக்கேயத்தில் அல்ல. கி.மு. 426இல் ஏதென்ஸ் தளபதி டெமோஸ்தனிஸ் ஏட்டோலியாவின் காட்டு மலைகளில் எறியீட்டிக்காரர்களிடம் சிக்கி 120 ஏதென்ஸ் ஹாப்லைட்டுகளை இழந்தார். (பிற்காலத்து நாவலர் டெமோஸ்தனிஸ் வேறு.) பட்ட அடியை அவர் மறக்கவில்லை. அடுத்த ஆண்டே ஸ்பாக்டீரியா தீவில் அதே முறையை ஸ்பார்ட்டர்கள்மீது பயன்படுத்தினார். அங்கு 292 பேர் சரணடைந்தனர். சாகும்வரை போரிடுபவர்கள் என்று பெயரெடுத்த ஸ்பார்ட்டர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டது கிரேக்க உலகையே வியக்க வைத்தது.

ஆயினும் இம்முறையின் உள்ளியக்கத்தைத் தெளிவாகக் காட்டுவது லெக்கேயம்தான். சுமார் 600 ஸ்பார்ட்ட ஹாப்லைட்டுகள் கொரிந்து நகரைக் கடந்து லெக்கேயம் துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். அவர்களுடன் எறிபடை ஏதும் இல்லை. குதிரைப்படையும் அப்போது பிரிந்து சென்றிருந்தது. நகருக்குள் இருந்த ஏதென்ஸ் தளபதி இஃபிக்ரட்டீஸ் தம் பெல்டாஸ்ட்டுகளை வெளியே அனுப்பினார். ஈட்டிகள் விழத் தொடங்கியதும், ஸ்பார்ட்டத் தளபதி இளைய வீரர்களை விட்டுத் துரத்தச் செய்தார். கவசம் சுமந்தவர்களால் ஓடுகிறவர்களைப் பிடிக்க முடியவில்லை. துரத்திக் களைத்து ஒவ்வொருவராக அணிக்குத் திரும்பும் வேளையில், முதுகைக் காட்டியவர்கள்மீது ஈட்டிகள் மீண்டும் விழுந்தன. இரண்டாம் முறை துரத்தியபோது இழப்பு இன்னும் கூடியது.

குதிரைப்படை வந்து சேர்ந்த பின்னும் நிலை மாறவில்லை. குதிரை வீரர்கள் எதிரியை விரட்டிச் சென்று வெட்டாமல், தம் காலாட்களுக்கு இணையாகவே ஓடி இணையாகவே திரும்பினார்கள் என்று வரலாற்றாசிரியர் செனபோன் குறைகூறுகிறார். கடைசியில் ஏதென்ஸின் ஹாப்லைட்டுகளும் நெருங்கி வருவதைக் கண்டபோது ஸ்பார்ட்டர்களின் அணி கலைந்தது. ஏறக்குறைய 250 பேர் இறந்தனர். இந்த முடிவுக் கட்டத்தைக் கவனிக்க வேண்டும். பெல்டாஸ்ட்டுகள் அணியைக் களைக்கவைத்து, நகரவிடாமல் செய்தார்கள். அதை ஓட வைத்தது பின்னால் வந்த கனரகப் படையின் தோற்றம்.

எறிபடை இல்லாத அணிக்கு மருந்து என்ன என்பதையும் செனபோனே எழுதியிருக்கிறார். கி.மு. 401இல் பாரசீகத்திலிருந்து பின்வாங்கிய கிரேக்கக் கூலிப்படை, வில்லாளிகளும் கவண்காரர்களும் விடாது தொல்லை கொடுத்ததால் ஒரு நாள் முழுவதும் நடந்து ஐந்து கிலோமீட்டர்கூடக் கடக்கவில்லை. அன்றிரவே ரோட்ஸ் தீவைச் சேர்ந்தவர்களைத் தேடிப்பிடித்து 200 பேர் கொண்ட கவண்படையையும், மறுநாள் சுமை தூக்கிய குதிரைகளைக் கொண்டு 50 பேர் கொண்ட குதிரைப்படையையும் அமைத்தார்கள். ரோட்ஸ்காரர்கள் எறிந்த ஈயக் குண்டுகள் பாரசீகரின் கற்களைவிட இரு மடங்கு தூரம் போயின.

கும்மிடிப்பூண்டியிலிருந்து புறப்பட்ட படை

இரண்டாம் மைசூர்ப் போரில், 1780 ஜூலையில் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தார். அப்போது கர்னல் வில்லியம் பெய்லி தலைமையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை குண்டூரிலிருந்து தெற்கே வந்து, ஆகஸ்ட் மாதக் கடைசி வாரத்தில் கும்மிடிப்பூண்டியை அடைந்தது. அதில் சுமார் 2,800 பேர் இருந்தனர். பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அங்கிருந்து சென்னை இரண்டு நாள் நடைதான். ஆனால் சென்னைக்கு வந்து முதன்மைப் படையோடு சேருமாறு பெய்லிக்குச் சொல்லப்படவில்லை. தளபதி ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்துக்குச் செல்வார். பெய்லி உள்நாட்டு வழியாக நேரே அங்கு வந்து சேர வேண்டும் என்பதே ஏற்பாடு.

ஆகஸ்ட் 25 அன்று பெய்லி கொசஸ்தலை ஆற்றை அடைந்தார். ஆற்றில் அப்போது கடக்க முடியாத அளவுக்கு நீர் இல்லை. எனினும் அவர் வடகரையிலேயே முகாமிட்டார். இரவில் வெள்ளம் வந்தது. ஆற்றைக் கடக்க செப்டம்பர் தொடக்கம் ஆகிவிட்டது. இடைப்பட்ட நாட்களில் ஹைதர் தம் மகன் திப்புவை அவருக்கு எதிராக அனுப்பினார்.

செப்டம்பர் 6 அன்று, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பேரம்பாக்கத்தில் திப்பு தாக்கினார். அவரிடம் சுமார் 10,000 பேர் இருந்தும் பெய்லியின் அணியை உடைக்க முடியவில்லை. கணக்குப்படி பார்த்தால் பெய்லி வென்றார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதன்பின் அவரால் அங்கிருந்து நகர முடியவில்லை. சுமார் 22 கிலோமீட்டர் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோவுக்குப் பீரங்கிச் சத்தம் கேட்டது. தாமே போகாமல், கர்னல் ஃபிளெட்சர் தலைமையில் சுமார் 1,000 பேரை அனுப்பினார். ஃபிளெட்சர் வழிகாட்டிகளை நம்பாமல் வேறு பாதையில் சுற்றி வந்து, செப்டம்பர் 9 காலை பெய்லியோடு சேர்ந்தார்.

அன்றிரவே கூட்டுப்படை காஞ்சிபுரம் நோக்கி நடந்தது. இருட்டில் ராக்கெட்டுகளும் சிறு பீரங்கிகளும் அணியின் பக்கங்களையும் பின்புறத்தையும் ஓயாமல் தாக்கின. மைசூர் ராக்கெட்டின் வெடிமருந்து இரும்புக் குழாயில் அடைக்கப்பட்டு, நீண்ட மூங்கில் கழியோடு கட்டப்பட்டிருக்கும். குறி தவறும், ஆனால் ஒரே ஆள் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, எந்த வரப்பின் பின்னிருந்தும் விடலாம். பெல்டாஸ்ட்டின் எறியீட்டி செய்த வேலையை இங்கே இது செய்தது. சில கிலோமீட்டர் நடந்ததும், விடியும்வரை காத்திருக்கலாம் என்று பெய்லி படையை நிறுத்தினார். இந்த நிறுத்தத்தைப் பல வரலாற்றாசிரியர்கள் பெருந்தவறாகக் கருதுகின்றனர். ஆற்றங்கரையில் ஒன்று, இங்கே ஒன்று: இரு முறையும் பெய்லி ஓரிரவு நின்றார், இரு முறையும் அந்த இரவு எதிரிக்குப் பயன்பட்டது. ஹைதரின் முதன்மைப் படை இருட்டோடு இருட்டாக நெருங்கிவிட்டது.

செப்டம்பர் 10 காலை, காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூர் அருகே பெய்லியின் படை மூன்று பக்கமும் சூழப்பட்டது. வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. காரணம் ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மருந்து போனதும் பீரங்கிகள் ஓய்ந்தன. சதுர அணியில் நின்று குதிரைப்படையின் பாய்ச்சலைப் பல முறை தடுத்த பின் பெய்லி சரணடைந்தார். சீரங்கப்பட்டணத்தில் சிறைவைக்கப்பட்ட அவர் 1782இல் அங்கேயே இறந்தார். மன்றோ தம் கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

ஒப்புமை எதுவரை?

புள்ளலூரை முழுமையாக இலகு காலாட்படையின் வெற்றி என்று சொல்ல முடியாது. லெக்கேயத்தில் பீரங்கி இல்லை. புள்ளலூரில் ஹைதரின் பீரங்கிகளும் பெரும் குதிரைப்படையும் முடிவைத் தீர்மானித்தன. தொல்லை கொடுத்தவர்களிலும் காலாட்களைவிடக் குதிரை வீரர்களே முக்கியமானவர்கள். பொருந்துவது வேலைப் பங்கீடு. லேசானவர்கள் எதிரியின் நேரத்தையும் வழியையும் பறித்தார்கள். கனமானவர்கள் வந்து முடித்தார்கள். திப்பு பேரம்பாக்கத்தில் வெல்லாமலே பெய்லியை நான்கு நாள் கட்டிப்போட்டதுதான் புள்ளலூரை உண்டாக்கியது.

இன்னொன்றும் உண்டு. ஃபிளெட்சர் அழைத்து வந்தவர்களில் ஸ்காட்லாந்தின் 73ஆம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த இலகுக் கம்பெனியும் இருந்தது. பெயரில் இலகு இருந்தது. செய்ய வேண்டிய வேலை இல்லை. குதிரைப்படை சூழ்ந்த சமவெளியில் நூறு பேர் அணியைவிட்டுப் பிரிந்தால் திரும்பி வர முடியாது. எனவே அவர்களும் சதுரத்துக்குள் நின்றார்கள்.

தமிழகத்தின் பழைய படை வழக்கில் முன்னே செல்லும் பிரிவுக்குத் தூசி என்ற சொல் உண்டு. தெற்குச் சீமையில் மறவரும் கள்ளரும் எறிந்த வளரியும் சிதறிப் போரிடுவோரின் ஆயுதமே. சின்ன மருது தமக்கு அதை வீசக் கற்றுக்கொடுத்தார் என்று ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

1781: திருப்பாச்சூர்

அடுத்த ஆண்டு தளபதி ஐர் கூட் இதே வட்டாரத்துக்கு வந்தார். ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்றிருந்த அவர், ஆகஸ்ட் 22இல் திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடித்தார். ஆகஸ்ட் 27இல் பெய்லி அழிந்த அதே புள்ளலூர்ப் பகுதியில் ஹைதரோடு மோதினார். களம் கூட்டிடமே இருந்தது. ஆனால் அவரிடம் போதிய குதிரைப்படை இல்லாததால் பின்வாங்கியவர்களைத் துரத்த முடியவில்லை. சுற்றுவட்டாரத்தில் நெல்லும் மாடும் கிடைக்காதபடி ஹைதரின் இலகு குதிரைப்படை ஏற்கெனவே துடைத்துவிட்டிருந்தது. கூட்டின் படை ஒவ்வொரு முறை முன்னேறுவதும் எத்தனை நாள் அரிசி கையிருப்பு என்பதைப் பொறுத்தே இருந்தது. திருப்பாச்சூரை அவர் விரும்பியதற்கும் அங்கே தானியம் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஒரு காரணம்.

1781இல் இறந்த ஆங்கிலேய அதிகாரிகள் இருவரின் நினைவுத் தூண்கள் இன்றும் புள்ளலூரில் நிற்கின்றன. 1780இன் வெற்றியைத் திப்பு சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமாகத் தீட்டச் செய்தார். அதில் சதுர அணியும், நடுவே பல்லக்கில் அமர்ந்த பெய்லியும், வெடிக்கும் மருந்து வண்டியும் இருக்கின்றன.