காலடியில் ஒரு கருவூலம்

'மண்' என்னும் சொல்லை நாம் எப்படியெல்லாம் வழங்குகிறோம் என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? பாடம் ஏறாத பிள்ளையை 'மண்ணாங்கட்டி' என்று ஏசுகிறோம். எடுத்த காரியம் கெட்டுவிட்டால், 'எல்லாம் மண்ணாய்ப் போயிற்று' என்று நொந்துகொள்கிறோம். தன் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொண்டவனைக் கண்டால், 'தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான்' என்கிறோம். இகழ்ச்சிக்கு இத்துணை எளிதில் அகப்படும் பொருள் வேறில்லை எனலாம். ஆனால் அதே நாவால் பிறந்த நாட்டைத் 'தாய்மண்' என்றும் போற்றுகிறோம். இவ்விரண்டில் எது மண்ணுக்குப் பொருந்தும்? நாம் உண்ணும் சோறும், உடுத்தும் பருத்தி ஆடையும், எழுதும் காகிதமும் மண்ணில் முளைத்தவை அன்றோ! ஆகவே நம் காலடியில் கிடக்கும் இப்பொருளின் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்வோம்.

பாறை மண்ணாகும் கதை

தொடக்கத்தில் இருந்தது பாறையே. பகல் வெயிலில் பாறை சூடேறி விரிகிறது. இரவுக் குளிரில் சுருங்குகிறது. நாள்தோறும் இவ்வாறு விரிந்தும் சுருங்கியும் அதன் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் உண்டாகின்றன. மழைநீர் அவற்றினுள் புகுகிறது. மழைநீர், காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு, மிக மென்மையான கார்பானிக் அமிலமாகத்தான் தரைக்கு வருகிறது. கோலி சோடாவைப் பருகும்போது நாவில் சுரீரென்று தைப்பதும் இதே அமிலமே; மழையில் அதன் அளவு மிகக் குறைவு, அவ்வளவுதான். இந்த அமிலத்தால் கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் சிறிது சிறிதாகச் சிதைந்து களிமண்ணாகிறது. எளிதில் சிதையாத குவார்ட்ஸ் என்னும் கனிமம் மணலாக உதிர்கிறது. பாறையிலுள்ள இரும்போ பிராணவாயுவுடன் கூடித் துருப்பிடிக்கிறது. செம்மண்ணின் சிவப்பு இத்துருவின் சிவப்பே!

உயிர்களும் இவ்வேலையில் பங்கு கொள்கின்றன. பழைய கல் மதில்களிலும் பாறைகளிலும் சாம்பல் நிறத் திட்டுகளாக ஒட்டிக்கொண்டிருப்பவை லைக்கன்கள். இவை சுரக்கும் அமிலங்கள் கல்லை அரிக்கின்றன. அரிபட்ட இடத்தில் பாசி தோன்றுகிறது. பிறகு புல் முளைக்கிறது. பறவை இட்ட எச்சத்திலிருந்து ஓர் ஆலங்கன்று எழுந்து, தன் வேரைச் செலுத்திப் பாறையைப் பிளக்கிறது. இவையெல்லாம் மடிந்து அழுகி, மக்காகிப் பாறைத் தூளுடன் கலக்கின்றன. அப்போதுதான் வெறும் தூளாக இருந்தது மண் என்னும் பெயருக்கு உரியதாகிறது.

மண் என்பது உடைந்த பாறை மட்டுமே என்னும் எண்ணத்தை மாற்றியவர் ரஷ்ய அறிஞர் வசீலி தொக்குச்சாயெவ். தம் நாட்டின் கரிய மண்ணைப் பற்றி 1883-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில், தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் மேடுபள்ளம், காலம் ஆகிய ஐந்தும் கூடியே மண்ணை உருவாக்குகின்றன என்று விளக்கினார். இந்த ஐந்தில் ஒன்று மாறினாலும் மண் மாறிவிடும். இதற்குச் சான்று தேடி நாம் ரஷ்யாவுக்குப் போக வேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டத்தைப் பார்த்தாலே போதும். அதற்கு முன் மண்ணின் உள்ளடக்கத்தை அறிவோம்.

மண்ணுக்குள் இருப்பவை

பயிருக்கு ஏற்ற நல்ல மேல்மண்ணில், கனஅளவில் ஏறக்குறைய 45 விழுக்காடு கனிமத் துகள்கள். 5 விழுக்காடு மக்கு. எஞ்சிய 50 விழுக்காடு வெற்றிடம். இவ்வெற்றிடத்தில் பாதியில் நீரும் பாதியில் காற்றும் இருப்பதே சிறந்த நிலை. திடமாகத் தோன்றும் தரையில் பாதி வெற்றிடம் என்பது வியப்பாக இல்லையா? வேரும் மூச்சு விட வேண்டும். இடைவெளி முழுவதும் நீரால் நிரம்பிவிட்டால் பல செடிகள் வாடிப்போவது இதனால்தான்.

கனிமத் துகள்கள் மூவகைப்படும். 2 மி.மீ. அளவுக்கு உட்பட்ட பருத்த துகள் மணல், 0.002 மி.மீ. அளவினும் சிறியது களி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது வண்டல். இதை வீட்டிலேயே கண்டறியலாம். ஒரு கண்ணாடி ஊறுகாய்ப் புட்டியில் கால் பங்கு மண்ணும் முக்கால் பங்கு நீரும் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, அசையாமல் வைத்துவிடுங்கள். ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் படிந்துவிடும். சில மணி நேரத்தில் அதன்மேல் வண்டல் படியும். களியோ மறுநாளும் நீரைக் கலக்கலாகவே வைத்திருக்கும். மேலே மிதக்கும் சருகும் வேர்த்துணுக்கும் மக்காக மாறவிருப்பவை. இச்சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இது மீண்டும் தேவைப்படும்.

மூன்று பிடி மண்

நம் விடுதி மாணவியர் பல ஊர்களிலிருந்து வருகின்றனர். விடுமுறை முடிந்து திரும்புகையில் ஆளுக்கு ஒரு பிடி மண் கொண்டுவந்தால் நமக்கு ஓர் அருங்காட்சியகமே கிடைத்துவிடும்!

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வரும் பிடி, கரிசல். இதில் களி மிகுதி. அதிலும், நீரைக் குடித்துப் பருத்து, காய்ந்தால் சுருங்கும் ஒருவகைக் களி. கோடையில் கரிசல் காட்டில் பாளம் பாளமாக வெடிப்பு விழுவதைப் பார்த்திருப்போம். மேலுள்ள மண் அவ்வெடிப்புகளுக்குள் உதிர்கிறது. மழை வந்ததும் நிலம் பருத்து மூடிக்கொள்கிறது. இதனால் கீழ்மேலாக மண் புரள்வதால், 'தன்னைத் தானே உழும் மண்' என்று இதைச் சொல்வதுண்டு. நீரை நெடுநாள் பிடித்துவைக்கும் ஆற்றல் இருப்பதால், மழையை மட்டும் நம்பிப் பருத்தியும், கம்பும், சோளமும், உளுந்தும் இங்கே விளைகின்றன. கருநிறத்தைக் கண்டு இதில் மக்கு நிறைந்திருப்பதாக நினைத்துவிடக் கூடாது. உண்மையில் மக்கு இதில் குறைவே.

சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து வரும் பிடி, செக்கச் சிவந்த மணல். காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேடுகள் இவை. ஒவ்வொரு மணியின்மேலும் இரும்புத் துரு பூச்சாக ஒட்டியிருக்கிறது. களி குறைவாதலால் மழைநீர் சல்லடையில் ஊற்றியதுபோல் இறங்கிவிடுகிறது. வேரை ஆழச் செலுத்தும் பனையும், முந்திரியும் இம்மண்ணோடு ஒத்துப்போகின்றன.

திருவைகுண்டம் பக்கத்திலிருந்து வரும் பிடி, தாமிரபரணியின் வண்டல். பொதிகை மலையில் தொடங்கி, வழியெல்லாம் அரித்தெடுத்த நுண்துகள்களை ஆறு பரப்பிய இடம் இது. நெல்லும் வாழையும் செழிப்பதில் வியப்பில்லை. ஒரே மாவட்டம், மூன்று நிறம், மூன்று விளைச்சல், மக்களின் தொழிலும் உணவும்கூட அதற்கேற்ப வேறுபடுகின்றன.

மண் செடிக்குத் தருவது என்ன?

செடியின் உடல் முழுவதும் மண்ணிலிருந்தே வருகிறது என்று முன்னோர் பலர் நம்பினர். பெல்ஜிய நாட்டு அறிஞர் வான் ஹெல்மாண்ட் இதைச் சோதிக்க எண்ணினார். உலர்த்தி நிறுத்த 200 பவுண்டு மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். பின்னர் நிறுத்துப் பார்த்தபோது மரம் 169 பவுண்டுக்கு மேல் இருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறக்குறைய 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம்! அவர் மறைந்த பின் 1648-இல் வெளியான நூலில் இச்சோதனை இடம்பெற்றது. நீரே மரமாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். மரத்தின் உடலில் பெரும்பகுதி, காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வந்தது என்பதை நாம் இன்று அறிவோம்.

அப்படியானால் மண்ணின் பங்கு அற்பமா? இல்லை. அந்த இரண்டு அவுன்சு இல்லாவிடில் மரமே இல்லை. செடிக்கு இன்றியமையாத 17 தனிமங்களில் கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் காற்றாலும் நீராலும் கிடைக்கின்றன. மற்ற 14-ஐயும் பெரும்பாலும் வேர் வழியாகவே செடி பெறுகிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று உழவர் வழங்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் இவற்றுள் தலையானவை. கறியில் உப்பு எவ்வளவு? ஆனால் உப்பில்லாப் பண்டம் குப்பையிலே!

இச்சத்துகள் மழையில் கரைந்து ஓடிவிடாமல் காப்பவை களியும் மக்குமே. இவற்றின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் உடையது. பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவை நேர்மின்னூட்டம் உடையவை. எனவே அவை காந்தத்தில் ஊசி ஒட்டுவதுபோல் ஒட்டிக்கொள்கின்றன. வேர் ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்து, பதிலுக்குப் பொட்டாசியத்தையோ கால்சியத்தையோ பெற்றுக்கொள்கிறது. நம் பாட்டிமார் நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கிய பண்டமாற்றுப் போன்றதுதான் இது!

காணாத தொழிலாளர்

ஒரு கிராம் வளமான மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நிலக்கடலைச் செடியை மெல்லப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதனுள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தருகிறது. முதல் மழையில் எழும் மண்வாசனைக்குப் பெரிதும் காரணமானவை ஆக்டினோமைசீட்ஸ் என்னும் நுண்ணுயிர்கள். அவ்வினத்தைச் சேர்ந்த ஒன்றிலிருந்தே, அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோயை எதிர்த்து வென்ற முதல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அதுவே. உயிர் காக்கும் மருந்தும் மண்ணிலிருந்து வந்ததே!

மண்புழுவை மறக்கலாமா? சார்லஸ் டார்வின் தம் முதுமையில், 1881-இல், மண்புழுக்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஆண்டுதோறும் ஏக்கருக்குப் பத்து டன்னுக்கும் மேற்பட்ட மண் அவற்றின் உடல் வழியே சென்று வெளிவருவதாக அதில் கணக்கிட்டார்.

இழப்பது எளிது

இத்தனை வேலையும் மெதுவாகவே நடைபெறுகிறது. இரண்டு, மூன்று செ.மீ. கனமுள்ள மேல்மண் உருவாக ஆயிரம் ஆண்டுகள் வரை ஆகலாம் என்கிறது ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனம். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கரில் ஒரு செ.மீ. கனமுள்ள மண் ஏறக்குறைய 40 கன மீட்டர் ஆகும். இரண்டு யூனிட் ஏற்றும் டிப்பர் லாரிக்கு அது ஏழு நடை. செங்கற் சூளைக்கும் பள்ளம் நிரப்பவும் மேல்மண்ணைத் தோண்டி விற்கும்போது, பல நூற்றாண்டுகள் தேடிய செல்வம் ஒரு காலைப் பொழுதில் ஊரைவிட்டுப் போய்விடுகிறது. விற்றவர் கையில் பணம் சில மாதம் இருக்கும். அவர் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் அந்நிலம் தேறுமா என்பது ஐயமே.

லாரி வராத நிலத்திலும் இழப்பு உண்டு. முன்சொன்ன புட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை நீரில் மிதந்தவை எவை? களியும் மக்கும்! சத்தைப் பிடித்துவைக்கும் அவ்விரண்டுமே நுண்மையும் இலேசும் ஆனவை. ஆகவே மரமும் புல்லும் இல்லாத தரையில் மழை அறையும்போது முதலில் அடித்துச் செல்லப்படுபவையும் அவைதாம். மணல் மட்டும் எஞ்சுகிறது.

நாம் செய்யத் தக்கவை

நம் முன்னோர் இதை நன்கறிந்திருந்தனர். கோடையில் குளத்தில் படிந்த வண்டலை வண்டியில் அள்ளி வயலில் இட்டனர். அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டனர். கொழிஞ்சியும் சணப்பும் விதைத்து மடக்கி உழுதனர். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதே இவற்றின் கருத்து. உரமிடுவதற்கு முன் மண்ணைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து ஆராய்ந்தால் வீண் செலவும் குறையும். இதற்காகவே 2015-ஆம் ஆண்டு நம் நாட்டில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கப்பட்டது. பெற்றோர்களில் உழவுத்தொழில் செய்வோர் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

மாணவியராகிய நம்மாலும் இயன்றது உண்டு. வளாகத்தில் பெருக்கிய சருகைத் தீயிட்டுப் பொசுக்கினால் மக்காக வேண்டியது புகையாகிறது. ஒரு மூலையில் குழி வெட்டி, சருகையும் சமையற்கூடத்துக் காய்த்தோலையும் அடுக்கடுக்காக இட்டு, சாணக் கரைசலும் நீரும் தெளித்து, இடையிடையே கிளறிவந்தால் சில மாதங்களில் நல்ல உரம் கிடைக்கும். பாலித்தீன் உறைகளை மட்டும் அதில் சேர்க்கலாகாது. மைதானத்தின் ஓரங்களிலும் வாய்க்கால் கரையிலும் புல்லை வளரவிடுவோம். அதன் வேர் மண்ணைக் கட்டிப்பிடித்து நிற்கும்.

ஆண்டுதோறும் டிசம்பர் 5-ஆம் நாளை உலக மண் நாளாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடுகிறது. நமக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். அன்று மழை பெய்தால், பள்ளி வாயிலருகே வாய்க்காலில் ஓடும் நீரைச் சற்று நின்று பாருங்கள். தெளிந்து ஓடினால் மகிழுங்கள். செந்நிறமாகக் கலங்கி ஓடினால், நம் கருவூலம் கொள்ளை போகிறது என்று அறிந்து, மறுநாளே அவ்விடத்தில் புல்லோ செடியோ நட முற்படுவோம்!